தண்ணீர் குடிக்கப் போனவள்

நேர்முக அறையின் கதவு சாத்திக்கொண்டது. விடுதித் தோழி ரெனிட்டா உள்ளே போய்விட்டாள். இனி அவள் வெளியே வரும்வரை உலகம்மாளுக்கு நினைப்பதைத் தவிர வேறு வேலை கிடையாது, அந்த வேலையில் அவளை மிஞ்ச அந்தக் கல்லூரியில் ஆளும் கிடையாது. எம்.பி.ஏ. கடைசிப் பருவம், மேல்மாடித் தாழ்வாரம், சுவரை ஒட்டிப் போட்ட பிளாஸ்டிக் நாற்காலிகள், அதில் இப்போது அவள் ஒருத்தி மட்டும். காலையில் இங்கே கால் வைக்க இடமில்லை. குழு விவாதத்திலேயே பாதிப் பேரைக் கழித்துக் கட்டினார்கள். மிச்சப் பேர் ஒவ்வொருவராக உள்ளே போய், முகம் மலர்ந்தோ செத்தோ வெளியே வந்து, கழுத்து டையைத் தளர்த்திக்கொண்டு கேன்டீனுக்கு இறங்கிவிட்டார்கள். ஆங்கில எழுத்து வரிசைப்படிதான் கூப்பிடுவார்கள். உலகம்மாளுக்கு U. அப்பா பெயர் வைக்கும்போது இதையெல்லாம் யோசித்திருக்க மாட்டார். தென்காசிக் கோயிலுக்குப் போனார், அம்மன் பெயர் பிடித்திருந்தது, வைத்துவிட்டார். பள்ளிக்கூடத்துத் தடுப்பூசி வரிசையிலிருந்து இன்றைய நேர்முகம் வரைக்கும் அவள் கடைசி. கடைசியில் இருப்பவளுக்கு ஒரு கஷ்டம் உண்டு, ஒரு சுகமும் உண்டு. கஷ்டம், நாள் முழுக்கக் காத்துக் கிடப்பது.  சுகம் என்னவென்றால், பிரசாதம். உள்ளே போனவர்கள் வெளியே வந்ததும் என்ன கேட்டார்கள், எதைச் சொன்னபோது தலையாட்டினார்கள் என்று காத்திருப்பவர்களுக்கு வாரி வழங்குவார்களே, அதற்கு இந்த வகுப்பு வைத்திருக்கும் பெயர் அது. கதவு திறந்ததும் எல்லாரும் போய் மொய்ப்பார்கள். சொல்லாதவனைக் கஞ்சப்பயல் என்பார்கள், அவன் அதற்கப்புறம் விடுதியில் தனியாகத்தான் சாப்பிட வேண்டும். முதலில் போகும் அருணாவுக்கும் ஆண்ட்ரூவுக்கும் பாவம், ஒன்றும் கிடைக்காது. U-வில் பிறந்தவளுக்கு இலை நிறைய விழும்.

இன்றைக்கும் விழுந்தது. கொண்டுவந்தவன் பிரம்மநாயகம். அவன் வெளியே வந்ததும் வராததுமாக, "ஏ, எல்லாரும் இங்க வாங்க, ஒரே கேஸ்தான், சூப்பரா இருக்கு" என்று கையைத் தட்டிக் கூப்பிட்டான். "வெளிய போயி சொல்லக்கூடாதுன்னு சத்தியம் வாங்காத குறையா சொல்லி அனுப்புதாரு அந்தாளு. நானும் சரி சார்னுட்டேன். கேளுங்க." எல்லாரும் சிரித்தார்கள், உலகம்மாளும்தான் சிரித்தாள். கேஸ் இதுதான்: நீங்கள் கம்பெனியின் விற்பனைப் பிரதிநிதி. மாதக் கடைசி. உங்கள் இலக்கு முடியவில்லை. ஊர் விநியோகஸ்தர் கூப்பிட்டு, இப்போதைக்கு என் பெயரில் பில் போட்டுக்கொள்ளுங்கள் தம்பி, மாதம் பிறந்ததும் சரக்கைத் திருப்பி அனுப்பிவிடுகிறேன், உங்களுக்கும் இலக்கு முடிந்துவிடும் என்கிறார். நீங்கள் என்ன செய்வீர்கள்? பிரம்மநாயகம் போட்ட போடு, 'மறுத்துவிடுவேன், எழுத்துப்பூர்வமாக மேலாளருக்குத் தெரிவிப்பேன்'. கேள்வி கேட்ட பெரியவர் தலையை ஆட்டினாராம், பக்கத்தில் இருந்த மேடம் எதையோ குறித்துக்கொண்டாராம். "எழுத்துப்பூர்வமாங்கிறத விட்டுராதீங்க, அதுலதான் மயங்கிட்டாரு" என்றான். பிறகு போன ஒவ்வொருவரும் அதை விடாமல் சொல்லிவிட்டு வந்தார்கள். அவன் சொன்ன கையோடு உலகம்மாள் அதை உதட்டுக்குள் சொல்லிப் பார்த்தபோதுதான் பக்கத்து நாற்காலி காலியாக இருப்பதைப் பார்த்தாள். அதுவரை அதில் ரெனிட்டா இருந்தாள். பிரம்மநாயகம் கையைத் தட்டியபோது, "தண்ணி குடிச்சிட்டு வாரேன்ட்டி" என்று எழுந்தவள்தான். தாழ்வாரத்தின் கோடியில், தண்ணீர்க் குழாய்ப் பக்கம் நின்றுகொண்டிருந்தாள், முதுகைக் காட்டிக்கொண்டு, ஜன்னல் வழியாக மைதானத்தில் எதையோ வேடிக்கை பார்த்துக்கொண்டு.

முதல் தடவை உலகம்மாள் நம்பினாள். வெயில்தானே, தாகம் எடுக்கும். அடுத்து கார்த்திகா வந்தாள், கதவு திறந்தது, ரெனிட்டா எழுந்தாள், தண்ணி குடிச்சிட்டு வாரேன். அடுத்து மாசானமுத்து வந்தான். ரெனிட்டா மறுபடியும் எழுந்தாள். அப்போதுதான் உலகம்மாளின் மண்டையில் ஏதோ உறைத்தது. இத்தனை தண்ணீரை ஒரு மனுஷி குடிக்க முடியாது, குடித்தால் நேர்முகத்தில் உட்கார முடியாது. அவள் தாகத்துக்குப் போகவில்லை. காதை எடுத்துக்கொண்டு போகிறாள். அதை யாரிடமும் சொல்லவில்லை, இப்படிச் செய்யலாமா என்று யாரையும் கேட்கவில்லை, மூஞ்சியைக் கூடச் சுளிக்கவில்லை, எழுந்து போய்விட்டாள், அவ்வளவுதான். உலகம்மாளுக்கு அப்போது வந்தது கோபம். பெரிய இவளா? நாங்கள் எல்லாம் திருடுகிறோமா? உள்ளே இருப்பவர்களா வந்து பார்க்கிறார்கள்? ஒரே ஒரு இடம், ஒருத்தரைத்தான் எடுக்கப்போகிறார்கள், அதில் போய் இப்படி ஒரு வீறாப்பு. கோபம் கொஞ்ச நேரம்தான் நின்றது. அது போனபிறகு அந்த இடத்தில் வந்து உட்கார்ந்ததை என்னவென்று சொல்வதென்று அவளுக்குத் தெரியவில்லை. அதுதான் இப்போதும் உட்கார்ந்திருக்கிறது.

ஒரே ஒரு இடம். இதற்கு மேல் இந்த வருடம் கம்பெனி எதுவும் வரப்போவதில்லை, வேலைவாய்ப்பு அலுவலர் போன வாரமே கையை விரித்துவிட்டார். வேலை கையில் இருந்தால் சென்னைக்குப் போ, நான் வந்து விட்டுட்டு வாரேன் என்று அப்பா சொல்லியிருக்கிறார். இல்லையென்றால் சுரண்டையில் இருக்கும் மாமாவின் கடை. மாமா நல்லவர், அதுதான் சங்கடமே. கெட்டவராக இருந்தால் வரமாட்டேன் என்று சண்டை போடலாம். மாமாவுக்கு ஹார்டுவேர் கடை. ஆணி, தாழ்ப்பாள், பெயின்ட், கோழி வலை. கல்லாவுக்குப் பக்கத்தில் அவளுக்கென்று ஒரு சுழல் நாற்காலி வாங்கிப் போட்டிருக்கிறார், எங்க பிள்ளை எம்.பி.ஏ. படிச்சிட்டு வருது என்று வாடிக்கையாளர்களிடமெல்லாம் காட்டுகிறாராம், பிளாஸ்டிக் உறையைக் கூடப் பிரிக்கவில்லையாம். அம்மா போனில் இதைச் சந்தோஷமாகச் சொன்னாள். உலகம்மாளுக்கு அன்றைக்குச் சாப்பாடு இறங்கவில்லை. அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் எழுந்திருக்க மாட்டோம் என்று அவளுக்குத் தெரியும். கல்யாணமும் அங்கேயிருந்துதான் நடக்கும், மாப்பிள்ளை பெயின்ட் வாங்க வந்தவனாகத்தான் இருப்பான். சிரிப்பு வந்தது. தாழ்வாரத்தில் தனியாகச் சிரித்துக்கொண்டிருந்தால் யாராவது பார்த்து என்ன நினைப்பார்கள் என்று வாயை மூடிக்கொண்டாள். ஒரு இடம். ரெனிட்டாவுக்கும் அது வேண்டும். அவள் வீட்டில் என்ன நிலைமை என்று இவளுக்கு எல்லாம் தெரியாது, தூத்துக்குடியில் அப்பா துறைமுகத்தில் கிரேன் ஓட்டுகிறார், ரெண்டு தம்பிகள் என்பது தெரியும். அவள் எதையும் சொல்லிப் புலம்புகிறவள் இல்லை. இத்தனைக்கும் ரெனிட்டா ஒன்றும் தேவதை கிடையாது. குறட்டை விடுவாள். அடுத்தவள் ஊறுகாயைக் கேட்காமல் திறப்பாள், கேட்டால் 'கேட்டா நீ குடுப்பேன்னு தெரியும், அதான் கேக்கல' என்பாள். முதல் வகுப்புக்கு நேரத்துக்கு வந்ததாகச் சரித்திரமே இல்லை. கோபம் வந்தால் வாளியை உதைப்பாள். இப்படிப்பட்டவளைப் பார்த்து ஒருத்தி உள்ளுக்குள் வியந்துகொண்டிருக்கிறாள் என்றால் அது எவ்வளவு அநியாயம்.

எத்தனை பாடம் படித்தோம் என்று உலகம்மாள் நினைத்துக்கொண்டாள். சனிக்கிழமை தவறாமல் பயிற்சி வகுப்பு. கையை எப்படிக் குலுக்க வேண்டும் என்று ஒரு நாள் முழுக்க. ரொம்ப இறுக்கினால் முரடு, தளர்த்தினால் செத்த மீன். பிரம்மநாயகத்தின் கையை அவளும் அவள் கையைக் கார்த்திகாவும் குலுக்கிக் குலுக்கி, மத்தியானம் எல்லார் கையும் வியர்த்து ஒட்டியது. உங்களைப் பற்றிச் சொல்லுங்கள் என்றால் ஊர், பேர், அப்பா தொழில் என்று ஆரம்பிக்கக்கூடாது. ஏன் கூடாது என்று அவளுக்கு இன்றுவரை விளங்கவில்லை, மினி பஸ் ஓட்டுகிறவர் மகள் என்பதைவிட அவளைப் பற்றிச் சொல்ல வேறென்ன இருக்கிறது? உங்கள் குறை என்ன என்று கேட்டால், எதையும் குறையில்லாமல் செய்யவேண்டும் என்று நினைப்பதுதான் சார் என் குறை. வகுப்பு முழுக்க ஒரே குறை. ஒத்திகை நேர்முகத்தில் ஒருத்தர் விடாமல் அதையே சொல்ல, ரெனிட்டா மட்டும், 'காலையில எந்திரிக்க மாட்டேன் சார்' என்றாள். பயிற்சி சார் தலையில் கை வைத்துக்கொண்டார். அப்புறம் தொழில் அறம் என்று ஒரு தாள். நேர்மை, பொறுப்பு, வெளிப்படைத்தன்மை, ரகசியம் காத்தல். எல்லாவற்றுக்கும் விளக்கம், உதாரணம், தலைப்புகளுக்கு அடிக்கோடு. அதில் வகுப்பிலேயே முதல் மதிப்பெண் யாருக்கு? உலகம்மாளுக்கு. நேர்மையை மனப்பாடம் செய்து ஒப்பித்ததில் அவளை மிஞ்ச ஆளில்லை. ரகசியம் காத்தலுக்கு அவள் எழுதிய உதாரணத்தை மேடம் வகுப்பில் வாசித்தே காட்டினார். அதை நினைத்ததும் தாழ்வாரத்தில் ஃபேன் ஓடியும் அவளுக்குக் கழுத்தெல்லாம் சுட்டது. ரெனிட்டா அந்தத் தாளில் ஏதோ தேறினாள், அவ்வளவுதான்.

சர்வே நடந்ததே, அதை எடுத்துக்கொள். அது நினைவுக்கு வரக்கூடாது என்று தள்ளிவைத்தால் அதுதான் முதலில் வந்து நிற்கும். ஷாம்பூ பாக்கெட் வாங்குகிறவர்கள் எதைப் பார்த்து வாங்குகிறார்கள் என்று ஆள் பிடித்துக் கேட்டு எழுதிக்கொண்டு வரவேண்டும், அணியாகவோ தனியாகவோ. எல்லா அணியும் விடுதியில் பாய் விரித்து உட்கார்ந்தது. நீலப் பேனா, கறுப்புப் பேனா, சாய்த்து எழுதுகிறவள், நேராக எழுதுகிறவள் என்று ஆளைப் பிரித்துக்கொண்டு, முறுக்கு தின்றுகொண்டே, இல்லாத ஜனங்களையெல்லாம் பெற்றுப் போட்டார்கள். உலகம்மாள் இடது கையால்கூட எழுதினாள். ஐம்பது வயது விவசாயி, ஷாம்பூவில் வாசனையை விரும்புகிறார். அந்த மாதிரி ஒரு விவசாயி இந்த ஜில்லாவில் எங்கே இருக்கிறார்? ரெனிட்டா அந்த வாரம் பாளை பஸ் ஸ்டாண்டில் நின்றாள். வெயிலில் கறுத்துத் திரும்புவாள், "ஒரு பாட்டி ஷாம்பூ கொண்டாந்தியான்னு கேட்டுச்சுட்டி, இல்லைன்னதும் திட்டிட்டுப் போயிட்டு" என்று சொல்லிச் சிரிப்பாள். இவர்களையும் கூப்பிடவில்லை, இவர்களைப் பற்றி எதுவும் சொல்லவும் இல்லை. கடைசியில் அவளுக்குக் கிடைத்தது கொஞ்சம் பேர்தான், அதில் பாதி அரைகுறை. மதிப்பெண்ணும் குறைந்தது. உலகம்மாளின் அணிக்கு முழுசு. நன்றாகக் காசு செலவழித்த கல்யாணத்தில் சாப்பிட்டுவிட்டு வந்த மாதிரி எல்லாரும் திருப்தியாகப் படுத்துத் தூங்கினார்கள். அவளும்தான் தூங்கினாள். அவள் குறட்டையைக் கேட்டுக்கொண்டு உலகம்மாள் மட்டும் விழித்திருந்தாள். இவள் ஏன் இப்படி இருக்கிறாள் என்று அன்றைக்கு நினைத்தாள். நான் ஏன் இப்படி இல்லை என்று நினைக்க அன்றைக்குத் தைரியம் வரவில்லை.

இன்றைக்கு வருகிறது. இப்போது வந்து என்ன ஆகப்போகிறது? கேட்டதைக் கேட்காததாக ஆக்க முடியுமா? காதில் விழுந்தது விழுந்ததுதான். கேஸ் தெரியும், பதில் தெரியும், எந்த இடத்தில் தலையாட்டுவார் என்பதுகூடத் தெரியும். தெரியாத மாதிரி கொஞ்சம் யோசித்து, கூரையைப் பார்த்து, பிறகு சொல்லவேண்டும், அதுவும் பயிற்சி வகுப்பில் சொன்னதுதான். நல்ல பதில்தானே? பொய் பில் போடமாட்டேன் என்பது நல்ல பதில்தானே? நேர்மையான பதிலைத் திருட்டுத்தனமாகக் கொண்டுபோகிறோம் என்று தோன்றியபோது அவளுக்கு மறுபடியும் சிரிப்பு வரப் பார்த்தது, வரவில்லை. வேண்டாம் என்று எழுந்து போய்விடலாமா? போனால் சுழல் நாற்காலி. ரெனிட்டாவுக்கு விட்டுக்கொடுத்ததாக ஆகுமா? அவள் யாரிடம் கேட்டாள் விட்டுக்கொடு என்று? தெரிந்தால் வாளியை உதைப்பாள். உள்ளே எந்தச் சத்தமும் இல்லை. மற்றவர்களை இவ்வளவு நேரம் வைத்திருக்கவில்லையே. நன்றாகப் பேசுகிறாளோ? நன்றாகப் பேசட்டும். பேசவேண்டாம். பேசட்டும்.

கதவு திறந்தது. ரெனிட்டா வந்தாள். முகத்தில் ஒன்றும் எழுதியிருக்கவில்லை, நெற்றி மட்டும் வியர்த்திருந்தது. உலகம்மாளின் வாய் பழக்கத்தில் முந்திக்கொண்டது. "என்னட்டி கேட்டாவ?"

"சொல்லக்கூடாதுன்னு சொல்லிருக்காங்கட்டி. நானும் சரின்னுட்டேன்" என்றாள் ரெனிட்டா, மன்னிப்புக் கேட்பதுபோல. பிறகு அவளே, "நான் ரொம்ப நல்லாப் பண்ணல. அது எம்பாடு. நீ நல்லாப் பண்ணுவ. அய்யே, என்ன நீ, கோட்டு எங்க?" என்றாள்.

கோட்டு இல்லை. உலகம்மாள் கோட்டு வாங்கவே இல்லை. விடுதிப் பெண்களில் பாதிப் பேர் வாங்கவில்லை. வரிசையில் முன்னால் போனவள் கழற்றிக் கொடுப்பாள், அடுத்தவள் போட்டுக்கொள்வாள், அதுவும் ஒரு வழக்கம். காலையில் அவளுக்குக் கார்த்திகா தருவதாகச் சொல்லியிருந்தாள், அவள் மறந்து கோட்டோடு கேன்டீனுக்குப் போய்விட்டாள். ரெனிட்டா தன்னுடையதைக் கழற்றினாள். "உள்ள ஏசி, நடுங்கும், அவிய பயந்துட்டான்னு நெனச்சுருவாவ" என்று சொல்லிக்கொண்டே போட்டுவிட்டாள், காலரைத் திருத்தினாள், மார்பில் தொங்கிய நூலைப் பல்லால் கடித்துத் துப்பினாள். இரண்டு பேரும் போட்டியிடுவது ஒரே இடத்துக்கு என்பது அவளுக்கு மறந்துவிட்டதா? மறக்கவில்லை. அவள் மறக்கிறவள் இல்லை. கோட்டுக்குள் அவளுடைய சூடு இன்னும் இருந்தது, தோளில் லேசாக வியர்வை வாசம். கைகள் கொஞ்சம் நீளம். யாரோ உள்ளேயிருந்து, "மிஸ் உலகம்மாள்" என்று கூப்பிட்டார்கள், கடைசி 'ள'வை நாக்கைச் சுருட்டிக் கஷ்டப்பட்டு உச்சரித்தார்கள். அவள் போனாள்.

பெரியவர் ஒருவர், பக்கத்தில் நடுவயதில் ஒரு மேடம், நடுவே மேஜையில் எல்லாருடைய சுயவிவரத் தாள்களும் அடுக்கி. கை குலுக்கினாள், முரடும் இல்லை, மீனும் இல்லை. உட்காரச் சொன்னதும் உட்கார்ந்தாள். ஊர், படிப்பு, ஏன் இந்தத் துறை, எல்லாம் ஆங்கிலத்தில் ஓடியது, சொல்லிப் பழகியது வாயிலிருந்து தானாக வந்தது, அவள் வேறெங்கோ இருந்தாள், தண்ணீர்க் குழாய்ப் பக்கம் முதுகைக் காட்டி நிற்கிறவளைப் பார்த்துக்கொண்டிருந்தாள். பெரியவர் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே கேஸை ஆரம்பித்தார். நீங்கள் ஒரு விற்பனைப் பிரதிநிதி, மாதக் கடைசி, இலக்கு முடியவில்லை, விநியோகஸ்தர் உங்களைக் கூப்பிடுகிறார், என்று சொல்லிவிட்டு மூச்சு வாங்கினார். அந்த மூச்சு இடைவெளியில் உலகம்மாள், "மறுத்துவிடுவேன் சார், எழுத்துப்பூர்வமாக மேலாளருக்குத் தெரிவிப்பேன்" என்றாள். சொன்ன பிறகுதான் காதில் விழுந்தது. விநியோகஸ்தர் இன்னும் எதையும் கேட்கவில்லை. அவர் கூப்பிட்டிருக்கிறார், அவ்வளவுதான். ஒருவேளை டீ சாப்பிடக் கூப்பிட்டிருக்கலாம்.

பெரியவர் கண்ணாடியைப் போடாமல் கையிலேயே வைத்திருந்தார்.  மேடம் முன்னுக்குச் சாய்ந்து, தமிழுக்கு மாறி, மதுரைப் பக்கத்துப் பேச்சில் கேட்டார். "சார் எதை மறுக்கச் சொன்னாரு? இன்னும் கேக்கவே இல்லையேம்மா." பிறகு அவர் கண் கோட்டில் நின்றது. காலரில் இருந்து நீண்டுபோன கை வரைக்கும் இறங்கிவந்தது. "இது இப்ப வெளிய போன பொண்ணோட கோட்டுதானே? ஃப்ரெண்டா? அவங்கதான் கேள்வியைச் சொன்னாங்களா?"

இல்லை என்று சொல்ல வாய் திறந்தாள். அது ஏன் உடனே வரவில்லை என்று அவள் பிறகு எத்தனையோ தடவை நினைத்துப் பார்ப்பாள், அந்த நொடியில் ஒரு வாழ்க்கைக்கு வேண்டிய கணக்கெல்லாம் போட்டாள். பேசாமல் இருந்தால் போதும். தலையைக் குனிந்தால் போதும், ஆமாம் என்றுகூடச் சொல்லவேண்டாம், அவர்களே எடுத்துக்கொள்வார்கள். கேட்டவளைவிடச் சொன்னவள்தான் பெரிய தப்புக்காரி. இவள் பாவம், காதில் விழுந்துவிட்டது என்று விடுவார்கள், ரெனிட்டாவின் தாளை எடுத்துக் கிழிப்பார்கள். ரெனிட்டாவுக்குத் தெரியவே போவதில்லை, இன்றைக்கு ராத்திரியும் குறட்டை விடுவாள். அல்லது, இதெல்லாம் வகுப்பில் சொல்லிக்கொடுத்த கேஸ் மேடம் என்று ஒரு பொய், அதுவும் நிற்கும். கோட்டு தோளில் கனத்தது. சூடு இன்னும் போகவில்லை. இந்தச் சூட்டை மேலே போட்டுக்கொண்டு எப்படித் தலையைக் குனிவது? சுரண்டைக்குப் போய் ஆணி நிறுக்கலாம், பெயின்ட் கலக்கலாம், அதையெல்லாம் செய்துவிட முடியும். இதை முடியாது. இது ஒன்றைச் செய்தால் இனிமேல் எந்தக் கண்ணாடியில் பார்த்துத் தலை சீவுவது? ரெனிட்டாவுக்கு இந்தக் கணக்கெல்லாம் போடவேண்டியிருந்திருக்காது, எழுந்து போயிருப்பாள். உலகம்மாளுக்குப் போட்டுத்தான் வரவேண்டியிருந்தது, ஆனால் வந்துவிட்டாள்.

"ரெனிட்டா சொல்லல மேடம்" என்றாள்.  "கேள்வி எனக்கு முன்னாடியே தெரியும். காலையிலேயே தெரியும். வெளிய வாரவங்க சொல்லுவாங்க, நாங்க கேப்போம், எங்க வகுப்புல எப்பவும் அப்படித்தான். பதிலும் அதுலயே வந்துச்சு. நானா யோசிக்கல."

"யார் சொன்னது?" என்றார் பெரியவர்.

"பேரு சொல்ல மாட்டேன் சார். சொன்னது தப்புன்னா கேட்டதும் தப்புதான், நான் நின்னு கேட்டேன். அவ கேக்கல. ரெனிட்டா கேக்கல. யாரு வெளிய வந்தாலும் தண்ணி குடிச்சிட்டு வாரேன்னு எந்திரிச்சுப் போயிருவா. ஒவ்வொரு தடவையும் போனா சார். இப்ப வெளிய வந்தப்பவும் நான் கேட்டேன், சொல்ல மாட்டேன்னுட்டா. கோட்டு மட்டும் குடுத்தா." கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. பயிற்சி வகுப்பில் நேர்முகத்தில் அழுதால் என்ன செய்வது என்று யாரும் சொல்லித்தரவில்லை. கோட்டுக் கையால் துடைக்கப் போனாள், அது அவளுடையது இல்லை என்று நினைவு வந்து துப்பட்டாவால் துடைத்துக்கொண்டாள்.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். மேடம் மெதுவாகச் சிரித்தார், கேலியாக இல்லை. "அதான் விஷயமா" என்றார் பெரியவரிடம். பிறகு உலகம்மாளிடம், "காலையில இருந்து எல்லாரும் ஒரே பதில். எழுத்துப்பூர்வமா, எழுத்துப்பூர்வமான்னு. உங்க காலேஜ்லயே இப்படித்தான் சொல்லிக்கொடுப்பாங்க போலன்னு நினைச்சோம். அந்தப் பொண்ணு மட்டும்தான் உட்கார்ந்து யோசிச்சுச்சு. அப்புறம், தெரியல மேடம், புது வேலை, மாசக் கடைசி, பயத்துல பில் போட்டாலும் போட்டுருவேன், ஆனா போட்டா தூக்கம் வராது, மறுநாளே வந்து உங்ககிட்ட சொல்லிருவேன்னுச்சு."

"அந்தப் பொண்ணு தாளை நான்தான் அடியில வச்சேன்" என்றார் பெரியவர். "எல்லாருக்கும் தெரிஞ்ச பதில் இவளுக்கு மட்டும் தெரியலையேன்னு."

மேடம் அடுக்கின் அடியில் கையை விட்டு ஒரு தாளை உருவினார், பார்த்தார், எல்லாவற்றுக்கும் மேலே வைத்தார். பெரியவர் தடுக்கவில்லை, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு அதை மறுபடி படிக்க ஆரம்பித்தார். ஓரத்தில் ஒட்டியிருந்த படத்தில் ரெனிட்டா தூக்கக் கலக்கத்தோடு கேமராவைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அந்த ஒரு இடம் போய்விட்டது என்று உலகம்மாளுக்குத் தெரிந்தது. தன் வாயாலேயே எடுத்துக் கொடுத்தாயிற்று. வலித்தது, இல்லை என்று சொல்வதற்கில்லை, நன்றாகவே வலித்தது. ஆனால் அந்தத் தாள் மேலே இருப்பதைப் பார்க்கப் பார்க்க, அது கீழே இருந்திருந்தால் தாங்கியிருக்காது என்பதும் தெரிந்தது.  வணக்கம் சொல்லிவிட்டுக் கிளம்பலாம் என்று நாற்காலியின் கைப்பிடியைப் பற்றினாள்.

"எங்க போறீங்க? உங்களை இன்னும் ஒண்ணும் கேக்கலையே" என்றார் மேடம். "நீங்க சொன்ன பதில் பிரம்மாவோ விஷ்ணுவோ யாரோ சொல்லிக்கொடுத்தது. உட்காருங்க. உங்ககிட்ட நான் வேற கேக்கிறேன்."

காலையிலிருந்து முதல் தடவையாக, என்ன கேட்கப்போகிறார்கள் என்று உலகம்மாளுக்குத் தெரியாது. உட்கார்ந்தாள்.

"கேளுங்க மேடம்" என்றாள்.